ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட்? – லேசர் உலோக அச்சின் மின்கணக்கு

(திண்டுக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேடசந்தூரிலோ வடமதுரையிலோ ஏதாவது ஒரு நூற்பாலைக்குள் போய், மேலாளரிடம் “உங்கள் யூ.கே.ஜி. எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசிக்க மாட்டார், பதில் உடனே வரும். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்பதுதான் யூ.கே.ஜி. நூலின் நம்பர் ஏற ஏற அதுவும் ஏறும். 40-ஆம் நம்பர் நூலுக்கு நான்கு யூனிட்டைச் சுற்றி நிற்கும். கோவையிலுள்ள சிட்ரா ஆய்வு நிறுவனம் எல்லா மில்களின் கணக்கையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக் காட்டும் வழக்கமும் உண்டு. புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டாவது இலக்கத்துக்காக நம் மில்காரர்கள் ராத்திரி முழுக்க ஸ்பிண்டில் வேகத்தையும் பெல்ட் இழுவையையும் மாற்றிப் பார்த்தவர்கள். பஞ்சு விலை அவர்கள் கையில் இல்லை, நூல் விலையும் இல்லை. கையில் மிஞ்சியது கரண்ட் பில் ஒன்றுதான். அதனால் வந்த பழக்கம் இது.

இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு மெஷினைப் பற்றி. உலோகப் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காகப் பொருளை வளர்க்கும் மெஷின். உலோக 3டி பிரிண்டிங் என்று எல்லோரும் சொல்வது. அதைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது, நான் புதிதாகப் புகழ ஒன்றுமில்லை. நம் மில்காரரின் கேள்வியை மட்டும் அந்த மெஷினிடம் கேட்கப் போகிறேன். ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட்?

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூடிய ஒரு அறை. உள்ளே ஆக்ஸிஜனை 0.1 சதவீதத்துக்கும் கீழே இறக்கி, ஆர்கானோ நைட்ரஜனோ நிரப்புகிறார்கள். தட்டின் மேல் 15 முதல் 45 மைக்ரான் அளவுள்ள உலோகத் துகள்களை, 30 அல்லது 40 மைக்ரான் கனத்துக்கு ஒரு பட்டை வழித்துப் பரப்புகிறது. கண்ணாடிகள் ஆட்டுவிக்கும் லேசர் கற்றை, வேண்டிய இடத்தை மட்டும் உருக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த அடுக்கு முடிந்ததும் தட்டு 40 மைக்ரான் கீழே இறங்கும். மறுபடி பொடி, மறுபடி லேசர். உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்கே இப்படி ஆயிரம் இரண்டாயிரம் முறை. ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் லேசர் ஆய்வு நிறுவனத்தில் 1990-களின் நடுவில் உருவான முறை இது. பொடியை லேசரால் இணைக்கும் அடிப்படை யோசனைக்கு, அதற்கும் பத்தாண்டு முன்பே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்டு விதை போட்டிருந்தார்.

இப்போது கணக்கு. ஒரு கிலோ எஃகை அறை வெப்பத்திலிருந்து உருகும் நிலைக்குக் கொண்டுபோய் உருக்கவும் செய்ய, இயற்கை கேட்கும் கூலி ஏறத்தாழ 1.25 மெகாஜூல். யூனிட்டில் சொன்னால் 0.35. இதற்குக் கீழே யாராலும் போக முடியாது. இதை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் பரவலாக இருக்கும் ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். இ.ஓ.எஸ். நிறுவனத்தின் எம் 290. 400 வாட் லேசர் ஒன்று. 250-க்கு 250 மில்லிமீட்டர் தட்டு. 325 மில்லிமீட்டர் உயரம் வரை அச்சிடலாம். மின்சாரம் உச்சத்தில் 8.5 கிலோவாட், சராசரியில் 2.4 கிலோவாட் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். லேசரை 280 வாட்டில் வைத்து, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில், 40 மைக்ரான் அடுக்கில் எஃகை அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 4 கன மில்லிமீட்டர் உருகும். மணிக்கு 114 கிராம். ஆனால் மணி முழுவதும் லேசர் எரிவதில்லை. பொடி பரப்பும் நேரத்தில் அது சும்மா நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நேரம் எரிகிறது என்றால் மணிக்கு 76 கிராம். 2.4 கிலோவாட்டை அதால் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 32 யூனிட்.

முப்பத்திரண்டு! உருக்கத் தேவை 0.35. நூற்றில் ஒரு பங்குதான் உலோகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது என் காகிதக் கணக்கு மட்டும் அல்ல. ஆய்வாளர்கள் மெஷினில் மீட்டர் மாட்டி அளந்தவற்றில் பெரும்பாலானவை கிலோவுக்கு 100 மெகாஜூலைச் சுற்றித் தொடங்கி, சில நூறு மெகாஜூல் வரை போகின்றன. 100 மெகாஜூல் என்பது 28 யூனிட்.

இதைக் கேட்டவுடன் பலரும் லேசரின் மேல்தான் பழி போடுவார்கள். லேசர் என்றாலே மின்சாரத்தைத் தின்னும் சாதனம் என்ற எண்ணம் பழையது. ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. விளக்கால் தூண்டப்பட்ட என்டி-யாக் லேசரில் நூறு பங்கு மின்சாரம் கொடுத்தால் மூன்று பங்கு ஒளி வந்தால் அதிகம். கார்பன் டை ஆக்சைடு லேசரில் பத்து. இன்றைய மெஷின்களில் இருப்பது இட்டர்பியம் கலந்த ஃபைபர் லேசர். முப்பதும் அதற்கு மேலும் ஒளியாக வெளியே வருகிறது. லேசர் செய்ய வேண்டிய சீர்திருத்தத்தை லேசர் செய்து முடித்து இருபது வருடம் ஆகப்போகிறது.

நம் 32 யூனிட்டைப் பிரித்துப் பார்ப்போம். 280 வாட் கற்றை ஒரு கிலோவை உருக்கி முடிக்கும்போது 2.5 யூனிட் ஒளியைக் கொட்டியிருக்கும். அந்த ஒளியைத் தயாரிக்க லேசர் பெட்டி வாங்கிய மின்சாரம், முப்பது சதவீதத் திறனில், 8 யூனிட். மீதி 24 யூனிட் எங்கே போயிற்று? தட்டைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டருக்கு, வாயுவைச் சுழற்றி வடிகட்டும் புளோயருக்கு, லேசரைக் குளிர்விக்கும் சில்லருக்கு, மோட்டார்களுக்கு, கணினிக்கு. லேசர் எரிந்தாலும் எரியாவிட்டாலும் மணிக்கு ஏறத்தாழ 1.8 யூனிட் இவற்றுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். மில்காரர்களுக்கு இது புதிதல்ல. ஸ்பிண்டில் எவ்வளவு தின்கிறது என்பதோடு, ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டும் கம்ப்ரஸரும் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு தின்கின்றன என்றும் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள்.

ஆக, நாளைக்கே ஒருவர் 50 சதவீதத் திறனுள்ள லேசரைக் கொண்டுவந்து மாட்டினால் மிச்சமாவது மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்கு. அதே மெஷினில் ஒரு பொருளைத் தட்டில் எப்படிப் படுக்க வைப்பது என்று யோசித்தால் அதைவிட அதிகம் மிச்சமாகும். எப்படி என்று சொல்கிறேன்.

240 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பொருளைச் செங்குத்தாக நிறுத்தி அச்சிடுகிறோம். 40 மைக்ரான் அடுக்கு என்றால் 6,000 அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் பொடி பரப்ப 10 வினாடி. மொத்தம் 60,000 வினாடி, பதினாறரை மணிக்குச் சற்று மேல். அந்த நேரம் முழுக்க லேசர் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் 30 யூனிட் போய்விட்டது. தட்டில் ஒரே ஒரு பொருள் நின்றாலும் இருபது பொருள் நின்றாலும் இந்த 30 மாறாது. ஒன்று நின்றால் அதன் தலையில் 30, இருபது நின்றால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை. அதே பொருளை 60 மில்லிமீட்டர் உயரம் வருமாறு படுக்க வைத்தால் பொடி பரப்பும் செலவு ஏழரை யூனிட்டாகக் குறைகிறது. படுக்க வைத்தால் தொங்கும் பகுதிகளுக்குக் கீழே தாங்கிகள் அதிகம் வேண்டும். அவற்றையும் உருக்க வேண்டும், பிறகு வெட்டி எறிய வேண்டும். அந்த இடம் சொரசொரப்பாகவும் இருக்கும். அதனால் எப்போதும் படுக்க வை என்றும் விதி சொல்ல முடியாது. தட்டை நிரப்பு என்று மட்டும் தயங்காமல் சொல்லலாம். அரைத் தட்டில் வேலையை ஓட விடுவது, பாதி ஸ்பிண்டிலில் நூல் இல்லாமல் ரிங் ஃபிரேமை ஓட்டுவது.

லேசர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதும் இந்த நியாயத்தில்தான். ஒரே அறைக்குள் நான்கு லேசர் வந்தது. 2020-இல் ஜெர்மனியின் எஸ்.எல்.எம். சொல்யூஷன்ஸ் நிறுவனம், ஒவ்வொன்றும் 1 கிலோவாட் திறனுள்ள பன்னிரண்டு லேசர்களை வைத்து ஒரு மெஷினை அறிமுகப்படுத்தியது. விளம்பரம் வேகத்தைப் பற்றிப் பேசியது. எனக்கு அதில் தெரிந்தது, சும்மா நிற்கும் செலவை ஒன்றுக்குப் பதிலாகப் பன்னிரண்டு கை பகிர்ந்துகொள்கிறது என்பது. பெரிய மெஷினுக்குப் பெரிய சில்லரும் புளோயரும் வேண்டும்தான், ஆனால் அவை பன்னிரண்டு மடங்கு ஏறுவதில்லை.

புளோயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதன் வேகத்தைக் குறைக்க வேண்டாம். உருகும் உலோகத்திலிருந்து ஆவியும் பொறித் துகள்களும் மேலே கிளம்பும். வாயு ஓட்டம் அவற்றை உடனே இழுத்துப் போகவில்லை என்றால் லேசர் அந்தப் புகைக்குள் புகுந்து சிதறும், கீழே பொடி சரியாக உருகாது, பொருளுக்குள் இடைவெளி விழும். லேசரின் விஷயத்திலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தார் 2017-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, உலோகம் லேசரை உறிஞ்சும் விகிதம் ஒரே அளவில் நிற்பதில்லை. மெல்லிய சூட்டில் முப்பது சதவீதம் போல இருப்பது, கற்றை ஆழமாகத் துளைக்கத் தொடங்கியதும் எழுபது வரை ஏறுகிறது. ஒளி குழிக்குள் மாட்டிக்கொண்டு பலமுறை மோதுவதால் இது நடக்கிறது. அப்படியானால் ஆழமாகத் துளைத்து ஒளியைச் சேமிக்கலாமே என்று தோன்றும். துளை மூடும்போது அடியில் வாயுக் குமிழ் சிக்கிக்கொள்ளும். அந்தக் குமிழோடு பொருள் குப்பைக்குப் போனால் 32 யூனிட்டும் அதோடு போகிறது.

இதுவரை சொன்னது மெஷினின் மீட்டர் காட்டுவது. மெஷினுக்கு வெளியே நம் ஊர் இருக்கிறது, சித்திரை வெயில் இருக்கிறது. மெஷின் நிற்கும் அறையை 22, 23 டிகிரியில், ஈரப்பதம் ஏறாமல் வைத்திருக்க வேண்டும். ஈரம் ஏறினால் பொடி ஒட்டிக்கொள்ளும், சீராகப் பரவாது. மெஷின் வாங்கும் 2.4 கிலோவாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. அதை வெளியே தள்ள ஏசிக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் வேண்டும் என்று வைத்தால் இன்னொரு 0.8 கிலோவாட். கிலோவுக்குப் பத்து யூனிட் கூடி, 42 ஆகிறது. ஜெர்மனியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதி வேலை முடியும். அங்கே எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரையின் எண்ணை அப்படியே எடுத்து இங்கே திட்ட அறிக்கையில் போடும் மாணவர்கள் இந்தப் பத்தை விட்டுவிடுகிறார்கள்.

பிறகு பொடியும் வாயுவும். உருகிய உலோகத் தாரையை வாயுவால் சிதறடித்துப் பொடி செய்கிறார்கள். அதிலும் 15-க்கும் 45-க்கும் இடைப்பட்ட துகள்தான் இந்த மெஷினுக்கு ஆகும், மற்றதைச் சலித்து வேறு வேலைக்கு அனுப்ப வேண்டும். ஆர்கான் காற்றில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றைக் கடுங்குளிரில் திரவமாக்கிப் பிரித்தெடுப்பது. டைட்டானியம் நைட்ரஜனோடு கூடிக்கொள்ளும் என்பதால் அதற்கு ஆர்கானை விட்டால் வழியில்லை. துருப்பிடிக்காத எஃகுக்குப் பெரும்பாலும் நைட்ரஜனே போதும். அதை மெஷின் பக்கத்திலேயே காற்றிலிருந்து பிரித்துக்கொள்ளலாம். பழக்கத்தினால் எல்லாவற்றுக்கும் ஆர்கான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவதை நிறுத்தலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் வேண்டுமல்லவா? கோவை ஃபவுண்டரிகளில் இண்டக்ஷன் உலை ஒரு டன் இரும்பை உருக்க 550 முதல் 650 யூனிட் வாங்குகிறது. கிலோவுக்கு 0.6. ஓடைகளிலும் ஊட்டுக்குழிகளிலும் உறைந்து திரும்பும் உலோகத்தைக் கழித்தாலும் ஒரு யூனிட் அளவில் நிற்கும். ஒரு பக்கம் ஒன்று, இன்னொரு பக்கம் நாற்பத்திரண்டு. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 42 யூனிட்டுக்கு 29 கிலோ. ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்ற அட்டையை மாட்டி இந்த மெஷினை விற்க வருபவரிடம் இந்த எண்ணைச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பாருங்கள்.

திண்டுக்கல்லில் நின்றுகொண்டு உலோகத்தைப் பற்றிப் பேசும்போது பூட்டைத் தொடாமல் போனால் என்னை வெளியே விட மாட்டீர்கள். 2019-இல் நம் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு, பூட்டையும் 3டியில் அச்சிடலாமே, தொழிலைக் காப்பாற்றலாமே என்று நல்ல மனதோடு கேட்பவர்களைச் சந்திக்கிறேன். என் பதில் வேண்டாம் என்பதுதான். ஒரு கிலோ எடையுள்ள மாங்காய்ப் பூட்டை அச்சிட 42 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் கரண்டுக்கு மட்டும் 336 ரூபாய். தகட்டை வெட்டி, அரம் போட்டு, லீவரைப் பொருத்தும் கைவேலைக்கு இதில் சிறு பங்குகூட மின்சாரம் வேண்டாம். எடை குறைத்து அச்சிடலாம் என்பார்கள். விமானத்தில் ஒரு கிலோ குறைந்தால் அது பறக்கும் காலம் முழுக்க எரிபொருள் மிச்சம். கதவில் தொங்கும் பூட்டில் கால் கிலோ குறைந்தால் யாருக்கு என்ன மிச்சம்? கையில் கனக்கிறதா என்று தூக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

பித்தளை என்றால் சிக்கல் இன்னும் கூடும். பித்தளையில் பாதிக்குக் கீழே துத்தநாகம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும், பித்தளை உருகுவதும் ஏறத்தாழ அந்த வெப்பத்தில்தான். லேசர் பட்ட இடத்தில் துத்தநாகம் ஆவியாகிக் கிளம்பும், உலோகத்தின் கலவையே மாறும். தூய செம்பு வேறு விதமாக அடம் பிடிக்கிறது. 1,070 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை, மெருகேற்றிய செம்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு திருப்பி அனுப்பிவிடும். அதற்காகவே 515 நானோமீட்டர் பச்சை லேசர் மெஷின்கள் வந்திருக்கின்றன. பச்சை ஒளியைச் செம்பு பல மடங்கு கூடுதலாக ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று: பூட்டை அச்சிடும் கோப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நொடியில் போய்விடும். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாது என்பதில் பெயர் வாங்கிய பொருளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைப் பூட்டுக்காரர்களே சொல்லட்டும்.

அப்படியானால் இந்த மெஷின் எதற்கு? நான்கு வழிச் சாலையில் மதுரை, திருநெல்வேலி தாண்டித் தெற்கே போனால் மகேந்திரகிரி. அங்குள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் 2024 மே 9-ஆம் தேதி ஓர் எஞ்சினை 665 வினாடி எரியவிட்டுச் சோதித்தார்கள். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கான பி.எஸ்.4 எஞ்சின். லேசர் பொடிப்படுக்கை முறையில் விப்ரோ 3டி நிறுவனம் அச்சிட்டது. பழைய முறையில் 14 பாகம், இதில் ஒரே பாகம். 19 பற்றவைப்பு இணைப்புகள் இல்லாமல் போயின. பழைய முறைக்கு 565 கிலோ உலோகத் துண்டங்களும் தகடுகளும் வேண்டியிருந்தன, இதற்கு 13.7 கிலோ பொடி. தயாரிப்பு நேரம் 60 சதவீதம் குறைந்தது. இவையெல்லாம் இஸ்ரோ வெளியிட்ட எண்கள்.

565-ஐ 13.7-ஆல் வகுத்தால் 41. பத்திரிகைகள் இந்த விகிதத்தில் மயங்கியதில் வியப்பில்லை. நாம் மில்காரரின் கண்ணோடு பார்ப்போம். 13.7 கிலோவுக்கு, கிலோ 42 யூனிட் வீதம் 575 யூனிட். பொடி தயாரிக்க, வாயுவுக்கு, அச்சிட்ட பின் உலையில் வைத்து இறுக்கம் தளர்த்த, தவறிப் போகும் அச்சுகளுக்கு என்று இரட்டிப்பாக்குங்கள். 1,200 யூனிட்டை நெருங்குகிறது. அனல் மின்நிலையத்தில் ஒரு யூனிட் எடுக்க மூன்று யூனிட் வெப்பம் எரிகிறது. ஆகவே அடுப்பில் போட்ட கணக்கு 3,600. மறுபக்கம் 565 கிலோ. எந்த உலோகம் என்ற விவரத்துக்குள் போகாமல் துருப்பிடிக்காத எஃகு என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தாதுவிலிருந்து எடுத்து உருவாக்க கிலோவுக்கு 50 மெகாஜூல் என்றால், மொத்தம் 7,850 யூனிட் வெப்பத்துக்குச் சமம். ஆனால் கடைந்தெடுத்த சீவல் குப்பைக்குப் போவதில்லை. அது பழைய இரும்பாகத் திரும்ப உலைக்குப் போகிறது. அதற்குப் பாதி கழித்தால் 4,000-க்குச் சற்றுக் குறைவு. மூவாயிரத்து அறுநூறுக்கு எதிரே நாலாயிரம்! பொருளில் 41 மடங்காக இருந்த மிச்சம், ஆற்றலில் கைக்கெட்டும் தூரத்துக்குச் சுருங்கிவிட்டது. என் ஊகங்களில் ஒன்றைக் கொஞ்சம் அசைத்தால் தராசு இந்தப் பக்கமும் சாயும், அந்தப் பக்கமும் சாயும்.

இதனால் மகேந்திரகிரிச் சாதனை சிறுத்துவிடவில்லை. கரண்ட் பில்லுக்காக யாரும் ராக்கெட் எஞ்சினை அச்சிடுவதில்லை. 19 பற்றவைப்புகள் இருந்தால் 19 இடத்தில் எக்ஸ்ரே, 19 இடத்தில் கசிவு பயம். அது போனது. அதே மே மாதம் 30-ஆம் தேதி, சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. குளிர்விக்கும் கால்வாய்களைச் சுவருக்குள்ளேயே வைத்து அச்சிட முடிவதுதான் இங்கே விஷயம். வழக்கமான முறைகளில் அப்படி ஒரே துண்டாகச் செய்வது கடினம். ஜெனரல் எலக்ட்ரிக் கூட்டு நிறுவனத்தின் லீப் விமான எஞ்சினில் 20 பாகங்கள் சேர்ந்த எரிபொருள் முனை ஒன்றாகி, எடையும் கால்பங்கு குறைந்தது. அங்கே அச்சிடச் செலவான யூனிட்டை விமானம் பறந்து திருப்பிக் கொடுத்துவிடும்.

நம் சமவெளியில் பறக்கும் பொருள் இல்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கும் பொருள் இருக்கிறது. மில்லுக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாபின், சாய ஆலைக்கு வேண்டிய ட்யூப் எல்லாம் இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் வருகின்றன. ஒரு ஷாட்டில், அதாவது ஒருமுறை ஊற்றி எடுப்பதில், பெரும்பகுதி நேரம் ஊற்றிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஆறுவதற்காகக் காத்திருப்பது. டிரில் போட்ட நேர் துளைகளில் தண்ணீர் விட்டால் மூலைகள் ஆற நேரமாகும். அச்சுத் துண்டை லேசரால் அச்சிட்டால் தண்ணீர்க் கால்வாயைப் பொருளின் வளைவோடு வளைத்துக் கொண்டுபோகலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோ அச்சுத் துண்டு. பொடி, உலை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 80 யூனிட் என்றால் 400 யூனிட். ஷாட் நேரம் 30 வினாடியிலிருந்து 24 ஆகிறது. மோல்டிங் மெஷின் சராசரி 10 கிலோவாட் என்றால் ஷாட்டுக்கு 60 கிலோஜூல் மிச்சம். 24,000 ஷாட்டில் 400 யூனிட்டும் திரும்பி வந்துவிடும். இரவுபகலாக ஓடும் மெஷினுக்கு அது ஒரு வாரம். அந்த அச்சு வருடக்கணக்கில் ஓடும்.

தேய்ந்த பாகங்களைப் புதுப்பிப்பது இன்னொரு வழி. பொடியைக் கூம்பு முனையிலிருந்து ஊதி, லேசரால் அந்த இடத்திலேயே உருக்கி ஏற்றும் முறை. 40 கிலோ ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் மட்டும் தேய்ந்திருந்தால் 300 கிராம் ஏற்றினால் போதும். 40 கிலோ புது எஃகு தேவையில்லை. ஊதிய பொடி முழுவதும் ஒட்டாது, ஒரு பங்கு சிதறிப் போகும். மின்கணக்கில் நம் வெல்டரின் ஆர்க்குக்கு லேசர் ஈடாகவும் ஆகாது. ஆர்க்கின் சூட்டில் ஷாஃப்ட் வளைந்துவிடும் என்ற பயம் உள்ள இடத்தில் மட்டும் லேசருக்குக் கூலி கொடுக்கலாம். வார்ப்படத்தில் வரக்கூடிய வடிவத்தை வார்ப்படத்திலேயே எடுங்கள். வேண்டுமானால் அதற்கான மெழுகு மாதிரியையோ மணல் அச்சையோ 3டியில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். உலோகம் 0.6 யூனிட்டில் உருகிவிடும்.

ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் இந்தத் துறைக்கென்று தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. உலகச் சந்தையில் 5 சதவீதம், 50 உள்நாட்டுத் தொழில்நுட்பங்கள், 100 ஸ்டார்ட்-அப்கள், 500 பொருட்கள் என்று இலக்குகள் வைத்தது. இந்த எண்களுக்குப் பக்கத்தில் யூ.கே.ஜி. என்று ஓர் எண்ணையும் எழுதிப் பார்க்க எனக்கு ஆசை.

மெஷின் வாங்கியிருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஓட்டும் விதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 40 மணி நேர வேலையைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. பவர் கட் ஆனால் தட்டு ஆறும், பொருள் சுருங்கும். மறுபடி தொடங்கும் அடுக்கில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டோடு பொருளை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் யூ.பி.எஸ். செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள். உச்ச நேரக் கூடுதல் கட்டணத்திலிருந்து நீண்ட வேலை முழுதாகத் தப்ப முடியாது. எட்டுப் பத்து மணி நேர வேலைகளை இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் பெரும்பகுதி தப்பலாம், ஏசிக்கும் சில்லருக்கும் இரவுக் குளிர் இலவச உதவி. கூரையில் சோலார் வைத்திருக்கும் மில்லாக இருந்தால் கணக்கு தலைகீழ், காலையில் தொடங்குங்கள்.

மீட்டரை எங்கே மாட்டுவது என்பது அடுத்தது. மெஷினுக்கு ஒன்று, சில்லருக்கு ஒன்று, அறை ஏசிக்கு ஒன்று, நைட்ரஜன் ஜெனரேட்டர் இருந்தால் அதற்கு ஒன்று. நான்கையும் கூட்டுங்கள். எதால் வகுப்பது? தட்டிலிருந்து எடுத்த எடையால் அல்ல. தாங்கிகளை வெட்டி, சோதனையில் தேறி, டெலிவரி சலானில் ஏறிய எடையால். மில்லில் கழிவுப் பஞ்சை நூலோடு சேர்த்து யாராவது எடை போடுவார்களா? ஐந்தில் ஒன்று தேறாத பட்டறைக்கு 42 என்பது 52-ஐத் தாண்டிவிடும். ஒரு வேலையை வைத்துப் பார்க்காமல் மாதத்துக்குப் பாருங்கள். தட்டு பாதி காலியாக ஓடிய நாளும், சனிக்கிழமை அணைக்காமல் விட்டுப் போன சில்லரும் அதில்தான் தெரியவரும். முதல் மாத எண் வந்ததும் எனக்கும் ஒரு வரி அனுப்புங்கள், நானும் சேர்த்து வைக்கிறேன்.